பழைய இயங்குதளத்திலேயே இருப்பதா, மாறிவிடுவதா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றன. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே பலர் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது: "கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் திரை முழுக்க மாறச் சொல்லி அறிவிப்பு வருகிறது. மாறித்தான் ஆகவேண்டுமா?"

கேட்பவர்களில் சிலர் பயந்துபோய், நல்ல நிலையில் இருக்கும் கணினியை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். வேறு சிலர் இதெல்லாம் விற்பனைக்கான நெருக்கடி என்று முடிவுகட்டி, அப்டேட் சேவையையே அணைத்துவிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் நஷ்டம்தான். முதலாமவருக்குப் பணம் போகிறது. இரண்டாமவருக்கு ஒருநாள் கோப்புகள் போகலாம்.

நான் பழைய இயங்குதளங்களின் பக்கம் சாய்வு உள்ளவன். பழகிய மெனு, பழகிய மென்பொருள், கைக்கு வந்த குறுக்கு விசைகள், இவற்றை யாரோ குறித்த தேதிக்காக விட்டுக்கொடுப்பது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

## திருத்தம் வேறு, பதிப்பு வேறு

"அப்டேட்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பாதுகாப்புத் திருத்தம். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருவது. இருக்கிற ஓட்டையை அடைக்கும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் எதையும் மாற்றாது. இன்னொன்று, பதிப்பு மாற்றம். டாஸ்க்பார் இடம்மாறும், புதிய கணக்கு கேட்கும், பிரின்டர், ஸ்கேனர் போன்ற கருவிகளை ஓட்டும் பழைய டிரைவர் மென்பொருள் வேலைசெய்யாமல் போகும்.

மக்கள் வெறுப்பது இரண்டாவதை. அந்த வெறுப்புக்கு நியாயமும் இருக்கிறது. 2016-இல் விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லி ஒரு சின்ன ஜன்னல் வந்துகொண்டே இருந்தது. மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் "வேண்டாம்" என்று பொருள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்த ஆண்டு மே மாதவாக்கில், அதை அழுத்தி மூடிய பிறகும் குறித்த நேரத்தில் அப்கிரேட் நடந்தது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, சிலருடைய டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் இருந்த கோப்புகளை அழித்துவிட்டது. சில நாட்களிலேயே அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றார்கள். இப்படி ஒருமுறை சூடுபட்டவர் அப்டேட் என்ற பெயரையே நம்பாமல் போவது இயல்பு.

ஆனால் பதிப்பின் மேல் இருக்கும் கோபத்தில் திருத்தத்தையும் தள்ளிவிடும்போதுதான் ஆபத்து வருகிறது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 மே 12 அன்று அது பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வெளிவந்திருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி அல்ல. அப்போது திருத்தங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்த விண்டோஸ் 7. கையில் மருந்து இருந்தும் இரண்டு மாதம் போடாமல் விட்டவைதான் விழுந்தன. இயங்குதளத்தின் வயதைவிடத் திருத்தம் சேர்ந்ததா என்பதே பெரிய கேள்வி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

திருத்தம் நின்றுபோன இயங்குதளத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டும் பெருமளவு ஒரே நிரலைப் பகிர்ந்துகொள்பவை. விண்டோஸ் 11-க்கு ஒரு திருத்தம் வந்தவுடன், திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிட முடியும். அதே ஓட்டை விண்டோஸ் 10-இல் அடைபடாமல் அப்படியே கிடக்கும். அதாவது, ஒவ்வொரு மாதமும் புதிய பதிப்புக்கு வரும் மருந்து, பழைய பதிப்பில் எங்கே அடிக்கலாம் என்பதற்கான வரைபடமாகவும் ஆகிவிடுகிறது. முதல் மாதத்தில் இது பெரிதாகத் தெரியாது. இரண்டு ஆண்டுகளில் வரைபடம் நிறைந்துவிடும்.

"ஆன்டிவைரஸ் இருக்கிறதே?" என்று கேட்பார்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்கள் விண்டோஸ் 10-க்கு 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, உண்மைதான். அது வீட்டுக்குள் வந்தவனை அடையாளம் காணும் வேலையைச் செய்யும். உடைந்த கதவை அது சரிசெய்யாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

வழிகளைப் பார்ப்பதற்கு முன், அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பாதுகாப்புத் திருத்தம் வருகிறதா, எந்தத் தேதி வரை வரும்.

இரண்டாவது, அந்தக் கணினி இணையத்தில் என்ன செய்கிறது. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், மற்றவர்களின் ஆவணங்கள் இருக்கும் கணினியும், பாட்டு கேட்க மட்டும் வைத்திருக்கும் கணினியும் ஒன்றல்ல. இந்த அளவுகோலைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். "என்னிடம் என்ன இருக்கிறது திருட?" என்பார்கள். மின்னஞ்சல் ஒன்று கைமாறினால் போதும். மற்ற எல்லா பாஸ்வேர்டையும் அதன்வழியாக மாற்றிவிடலாம்.

மூன்றாவது, விடமுடியாத மென்பொருளோ கருவியோ உண்டா. பழைய ஸ்கேனர், ஆய்வகக் கருவி, தையல் எந்திரத்துக்கான வடிவமைப்பு மென்பொருள், லைசென்ஸ் சாவி செருகினால்தான் திறக்கும் கணக்கு மென்பொருள் போன்றவை.

நான்காவது, வன்பொருள் புதிய பதிப்புக்குத் தகுதியானதா.

ஐந்தாவது, சரிவராவிட்டால் திரும்பி வர வழி இருக்கிறதா.

கடைசியாக, இதைப் பராமரிக்கப்போவது யார். நீங்களா, கணினியே பழகாத அம்மாவா? ஒரு வழி உங்களுக்கு எளிதாக இருக்கலாம். அம்மாவுக்கு அது தினசரித் தலைவலியாக ஆகலாம்.

| வழி | திருத்தம் | பழைய மென்பொருள், கருவி | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| விண்டோஸ் 10 + நீட்டிப்பு | 2026 அக்டோபர் 13 வரை | எல்லாம் அப்படியே ஓடும் | மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். முடிவு தள்ளிப்போகிறது, அவ்வளவே | அவகாசம் தேவைப்படுபவர் |
| அதே கணினியில் விண்டோஸ் 11 | உண்டு | பெரும்பாலும் ஓடும் | பழகும் நேரம், சில டிரைவர்கள் | தகுதியான வன்பொருள் உள்ளவர் |
| தகுதியற்ற கணினியில் விண்டோஸ் 11 | உறுதி இல்லை | பெரும்பாலும் ஓடும் | ஆண்டுதோறும் கைவேலை | தானே சரிசெய்துகொள்ளத் தெரிந்தவர் |
| லினக்ஸ் | பல ஆண்டுகள் | விண்டோஸ் மென்பொருள் பல ஓடாது | மாற்று தேடும் உழைப்பு | பிரவுசரிலேயே வேலை முடிபவர் |
| பழையது, இணையம் இல்லாமல் | தேவை குறைவு | எல்லாம் ஓடும் | கோப்புப் பரிமாற்றத்தில் ஒழுங்கு | ஒரே வேலைக்கான கணினி |
| பழையது, இணையத்தோடு, திருத்தம் இல்லாமல் | இல்லை | ஓடும், சில காலம் | மாதாமாதம் கூடும் ஆபத்து | யாருக்கும் இல்லை |

## நீட்டிப்பு வாங்கி விண்டோஸ் 10-இலேயே இருப்பது

இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. தனிநபர்களுக்கும் பாதுகாப்புத் திருத்தங்களுக்கான ஓராண்டு நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் இந்த முறைதான் முதன்முதலாகத் தந்தது. விண்டோஸ் 7 முடிந்தபோது இது நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைத்தது.

சேர்வதற்கு மூன்று வழிகளை அறிவித்தார்கள். கணினியின் அமைப்புகளை விண்டோஸ் பேக்அப் மூலம் ஒத்திசைத்தால் காசு இல்லை. மைக்ரோசாஃப்ட் சேவைகளைப் பயன்படுத்திச் சேரும் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 இருந்தால் அதைக் கொடுக்கலாம். இல்லையென்றால் ஒருமுறைக் கட்டணம் 30 அமெரிக்க டாலர். ஒரு கணக்கில் சேர்த்த உரிமத்தைப் பத்துக் கணினிகள் வரை பயன்படுத்தலாம். கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்கவேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு தெரியும். தாமதமாகச் சேர்ந்தாலும் அதுவரை விடுபட்ட திருத்தங்கள் சேர்ந்தே வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு பணத்தில் இல்லை. இத்தனை காலம் கணினிக்குள் மட்டும் இருக்கும் உள்ளூர் கணக்கோடு இருந்தவர், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைய வேண்டியிருக்கும். பேக்அப்பை இயக்கும்போது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குப் போகட்டுமா என்றும் கேட்கும். அங்கே இலவச இடம் 5 ஜிபிதான். கவனிக்காமல் சம்மதம் கொடுத்துவிட்டு, இடம் நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கையைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. அமைப்புகளை மட்டும் ஒத்திசைத்தால் போதும், கோப்புறைகளின் ஒத்திசைவை அணைத்துவிடுங்கள்.

அப்புறம், இந்த நீட்டிப்பில் முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். புதிய வசதி எதுவும் வராது. என்னைக் கேட்டால் அதுதான் இதன் சிறப்பே. பதிப்பை விட்டுவிட்டுத் திருத்தத்தை மட்டும் கொடுங்கள் என்றுதானே இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தோம்!

நிறுவனங்களுக்கு மூன்றாண்டு வரை வாங்கும் வாய்ப்பு உண்டு. கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகும்: ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், அடுத்து 122, பிறகு 244. பத்துக் கணினி வைத்திருக்கும் சிறு அலுவலகம் மூன்றாண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால், கணினி ஒன்றுக்கு 427 டாலர் வரும். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு முடிவு தானாகவே தெளிவாகிவிடும்.

பதிப்பைப் பூட்டி வைக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, விண்டோஸ் அப்டேட் பிரிவில் இலக்குப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் "விண்டோஸ் 10", "22எச்2" என்று குறித்துவிட்டால், திருத்தங்கள் வரும். விண்டோஸ் 11 வந்து உட்காராது. அப்டேட் சேவையை முழுக்க முடக்கும் சின்னச் சின்ன மென்பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை வேண்டாததோடு வேண்டியதையும் நிறுத்திவிடும்.

எல்டிஎஸ்சி என்ற நீண்டகாலப் பதிப்பைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். விண்டோஸ் 10 ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021-க்கு 2032 ஜனவரி வரை திருத்தம் உண்டு என்பது உண்மை. ஆனால் அது கருவி தயாரிப்பாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் விற்கப்படுவது. மலிவு விலையில் சாவி தருகிறேன் என்று வருபவர்களிடம் அதை வாங்கினால், உரிமம் உங்களுடையதாக இருக்காது.

## அதே கணினியில் விண்டோஸ் 11

உங்கள் கணினி தகுதியற்றது என்று திரை சொன்னால், உடனே நம்பிவிடாதீர்கள். விண்டோஸ் 11 கேட்பவை: டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி), செக்யூர் பூட் (நம்பகமான நிரலைக்கொண்டு மட்டும் கிளம்புவது) செய்யக்கூடிய யுஇஎஃப்ஐ (கணினியைக் கிளப்பும் புதிய வகை அடிப்படை நிரல்), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், பட்டியலில் உள்ள பிராசஸர். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து. ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. இவற்றில் பிராசஸரை மாற்றுவதுதான் கடினம். டிபிஎம் பல கணினிகளில் இருந்தும் பயாஸில், அதாவது கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரையில், அணைந்து கிடக்கும். இன்டெல்லில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதை இயக்கிவிட்டாலே பலருக்கு வழி திறந்துவிடும். டிஸ்கைப் பிரித்துவைக்கும் முறை பழைய எம்பிஆர் ஆக இருந்தால், விண்டோஸிலேயே இருக்கும் 'எம்பிஆர்2ஜிபிடி' கருவி கோப்புகளை அழிக்காமல் மாற்றித்தரும். பேக்அப் எடுத்துவிட்டுத்தான் இதில் கைவைக்கவேண்டும்.

பிராசஸர் பட்டியல் எனக்கு இன்றும் உறுத்துகிறது. 2017-இல் புதிதாக வாங்கிய ஏழாம் தலைமுறைக் கணினி, 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது நான்கே வயதானது. வேகத்தில் அது குறைந்ததில்லை. ஏழாம் தலைமுறையில் சில பிராசஸர்களுக்கு மட்டும் விலக்கு தந்தார்கள்; அவற்றில் ஒன்று மைக்ரோசாஃப்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-இல் இருந்தது. அதைப் பார்க்கும்போது இந்தக் கோடு முழுக்கத் தொழில்நுட்பக் காரணத்தால் மட்டும் போடப்பட்டது என்று என்னால் ஏற்கமுடியவில்லை.

தகுதி இருந்து, விடமுடியாத பழைய கருவி எதுவும் இல்லையென்றால், மாறிவிடுவது நல்லது. இதை மனதார சொல்கிறேன். மாறிய பிறகு பத்து நாட்களுக்குள் பிடிக்கவில்லையென்றால் செட்டிங்ஸிலிருந்தே பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாளில் எல்லாக் கருவிகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் மென்பொருளையும் சேர்த்துத்தான். வரி கணக்கு நாளில் கண்டுபிடித்தால் பயனில்லை.

இதில் மூன்று செலவுகள் மறைந்திருக்கின்றன. முதலாவது, பதிப்பு மாற்றம் ஒருமுறையோடு முடியாது. ஹோம், ப்ரோ பதிப்புகள் ஒவ்வொன்றுக்கும் 24 மாதம்தான் ஆயுள். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு 2026 அக்டோபர் வரை. அதற்குள் அடுத்ததுக்குப் போகவேண்டும். இரண்டாவது, 24எச்2-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்கமுடியாதபடி பூட்டப்படும். திருட்டுப்போனால் நல்ல பாதுகாப்பு. ஆனால் மதர்போர்டு கெட்டுப்போய், மீட்புச் சாவி எங்கே என்று தெரியாமல் நின்றால் கோப்புகள் திரும்பாது. அந்தச் சாவியை அன்றே தாளில் எழுதி வையுங்கள். மூன்றாவது, வேகம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் 11 இழுத்துக்கொண்டு நகரும். எஸ்எஸ்டி போடாமல் மாறாதீர்கள். சொல்லப்போனால், "கணினி மெதுவாகிவிட்டது, புதிது வாங்கவேண்டும்" என்பவர்களில் பலருக்குத் தேவைப்படுவது எஸ்எஸ்டி ஒன்றுதான்.

## தகுதியற்ற கணினியில் விண்டோஸ் 11

நிறுவலுக்கான பென் டிரைவைத் தயாரிக்கும் ரூஃபஸ் போன்ற கருவியால் தகுதிச் சோதனையைத் தாண்டி நிறுவ முடியும். ஓடவும் ஓடும். ஆனால் இப்படி நிறுவிய கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தம் உட்பட எந்த அப்டேட்டுக்கும் உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. நடைமுறையில் மாதத் திருத்தங்கள் வருகின்றன. ஆண்டுப் பதிப்பு மட்டும் தானாக வருவதில்லை, ஒவ்வொரு முறையும் கையால் நிறுவவேண்டும். 24எச்2 வந்தபோது, பாப்கவுன்ட் என்ற கட்டளை இல்லாத மிகப் பழைய பிராசஸர்களில் அது கிளம்பவே இல்லை. அதற்கு முந்தைய பதிப்பு அதே கணினிகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

திருத்தத்துக்காகத்தானே மாறுகிறோம்? அந்தத் திருத்தமே உறுதி இல்லாத இடத்துக்கு மாறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்களுக்காகச் செய்துகொள்ளுங்கள். அடுத்தவர் கணினியில் செய்துகொடுக்காதீர்கள்.

## லினக்ஸ்

லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்; பல பெயர்களில் கிடைக்கிறது. இணையம், மின்னஞ்சல், வீடியோ, கடிதம் எழுதுவது, இவற்றோடு வேலை முடிந்துவிடுகிறவர்களுக்குப் பழைய கணினியில் இதுவே சிறந்த வழி. லினக்ஸ் மின்ட் 22, உபுண்டு 24.04 இரண்டுக்கும் 2029 வரை திருத்தம் உண்டு. உபுண்டு ப்ரோ திட்டத்தில் சேர்ந்தால் பத்தாண்டு வரை நீளும். தனிநபருக்கு ஐந்து கணினி வரை இலவசம். 2017-இன் ஏழாம் தலைமுறைக் கணினியில் மின்ட் தடையில்லாமல் ஓடும்.

தமிழில் தட்டச்சு எப்படி என்று கேட்பீர்கள். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்புமுறை, தட்டச்சுமுறை, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் கிடைக்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் வைத்திருந்தால், அந்த எழுத்துருக் கோப்புகளையும் மறக்காமல் எடுத்துவையுங்கள். எழுத்துரு இல்லாமல் அந்தக் கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். இது லினக்ஸுக்கு மட்டுமல்ல, எங்கே மாறினாலும் பொருந்தும்.

இதன் செலவு உழைப்பில்தான். லிப்ரேஆபீஸில் எளிய வேர்டு கோப்புகள் சரியாகத் திறக்கும்; மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகள் தகராறு செய்யும். சில வைஃபை சில்லுகளும் கைரேகை உணரிகளும் வேலைசெய்யாது. டிஜிட்டல் கையொப்பத்துக்கான டோக்கனை நம்பி வேலை செய்பவர், அதற்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று முன்பே பார்க்கவேண்டும். இணையத்தில் போட்டி போடும் விளையாட்டுகள் சில, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளின் காரணமாக ஓடாது.

நல்ல விஷயம், இவற்றையெல்லாம் நிறுவாமலேயே சோதிக்கலாம். பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, வைஃபை, ஒலி, பிரின்டர், கேமரா எல்லாம் ஓடுகிறதா என்று ஒரு மாலை முழுக்கப் பாருங்கள். டிஸ்கில் ஒன்றும் மாறாது. ஐந்தாவது அளவுகோலான "திரும்பி வரும் வழி" இதில் இருப்பதுபோல் வேறெதிலும் இல்லை, நிறுவும் வரைக்கும்.

## மேக் வைத்திருப்பவர்களுக்கு

ஆப்பிள் முடிவுத் தேதியை முன்கூட்டி அறிவிப்பதில்லை. நடப்புப் பதிப்புக்கும் அதற்கு முந்தைய இரண்டு பதிப்புகளுக்கும் திருத்தம் தருவது வழக்கம். ஆகவே புதிய பதிப்பு வந்த அன்றே ஓடவேண்டியதில்லை. ஒரு பதிப்பு பின்தங்கியே இருந்தாலும் திருத்தம் வந்துகொண்டிருக்கும். பழையதை விரும்புகிறவர்களுக்கு இது வசதியான ஏற்பாடு. ஆனால் 2019-இல் மேக்கின் கேட்டலினா பதிப்பு வந்தபோது 32-பிட் மென்பொருள்கள் ஒரே நாளில் செயலிழந்ததை நினைவில் வையுங்கள். இன்டெல் மேக்குகளுக்கு 2025-இல் வந்த டஹோதான் கடைசிப் பதிப்பு. அதிலும் எல்லா இன்டெல் மாடல்களும் இல்லை.

## திருத்தம் இல்லாமல், இணையத்தோடு

இது வேண்டாம். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். ஆனால் "விண்டோஸ் 7-இல் இத்தனை ஆண்டு ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்களுக்காக இரண்டு விஷயங்கள்.

ஒன்று, தாக்குதல் மட்டும் பிரச்சினை அல்ல. சுற்றியுள்ளவை ஒவ்வொன்றாகக் கைவிடும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்று பொதுவான ஆதரவு முடிந்தது. குரோம் 109-ஆம் பதிப்போடு 2023 தொடக்கத்தில் நின்றது. கணினி விளையாட்டுகளுக்கான ஸ்டீம் 2024 ஜனவரி 1-இல் விலகியது. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் 115 என்ற நீண்டகாலப் பதிப்பைப் பலமுறை நீட்டித்துத் தாங்கிப் பிடித்தது. 2021 செப்டம்பர் 30 அன்று, தாங்கள் உண்மையான தளங்கள் என்று காட்ட இணையத்தளங்கள் பல நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, சான்றிதழ் பட்டியல் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகளில் அந்தத் தளங்கள் திறக்கவே மறுத்தன. கருவியில் எந்தக் குறையும் இல்லை. சுற்றியிருந்த உலகம் நகர்ந்துவிட்டது. இதேபோல் செக்யூர் பூட்டுக்காக 2011-இல் தரப்பட்ட சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகின்றன. திருத்தம் பெறாத விண்டோஸ் 10-க்குப் புதிய சான்றிதழ் அப்டேட் வழியாக வராது. கணினி கிளம்பும், ஆனால் கிளம்பும் நேரத்துக்கான பாதுகாப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இரண்டு, அந்தக் கணினி உங்களுடையது மட்டும் அல்ல. வான்னாக்ரை ஒரு கணினிக்குள் வந்தபின் அதே வலைப்பின்னலில் இருந்த மற்றவற்றுக்குத் தானே தாவியது, யாரும் எதையும் சொடுக்காமலே. ஒரே ரவுட்டரில் இருக்கும் மகளின் மடிக்கணினிக்கும் சேர்த்துத்தான் நீங்கள் முடிவெடுக்கிறீர்கள்.

## பழையது, இணையம் இல்லாமல்

பழைய இயங்குதளத்தை மனநிறைவோடு வைத்துக்கொள்ளும் வழி இதுதான். நானும் வைத்திருக்கிறேன்.

என்னிடம் ஒரு ஃபிலிம் ஸ்கேனர் இருக்கிறது. அதைத் தயாரித்தவர்கள் விண்டோஸ் 7-க்குப் பிறகு டிரைவர் வெளியிடவில்லை. ஒருமுறை ஆர்வத்தில் அந்தக் கணினியை அப்கிரேட் செய்துவிட்டேன். ஸ்கேனர் பட்டியலிலேயே காணவில்லை. பாதி ஸ்கேன் செய்த குடும்ப நெகட்டிவ்கள் பெட்டியில் கிடந்தன. முன்பே எடுத்துவைத்திருந்த டிஸ்க் இமேஜ் (டிஸ்கின் முழு நகல்) இருந்ததால் ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பினேன். அது இல்லாதிருந்தால் நிறுவல் சிடியைத் தேடி அலைந்திருப்பேன். வியூஸ்கேன் போன்ற மென்பொருள்கள் தயாரிப்பாளர் கைவிட்ட ஸ்கேனர்கள் பலவற்றைப் புதிய இயங்குதளத்தில் ஓட்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. உங்கள் கருவிக்கு அப்படி ஒரு மாற்று இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் பழையதைத் தனியாக வைத்துப் பராமரிக்கும் வேலையே மிச்சம்.

அந்தக் கணினியில் இப்போது நெட்வொர்க் கேபிள் இல்லை, வைஃபை அட்டை பயாஸிலேயே அணைக்கப்பட்டிருக்கிறது. செட்டிங்ஸில் மட்டும் அணைத்தால் போதாது; யாராவது தெரியாமல் இயக்கிவிடுவார்கள்.

ஆனால் கேபிளைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரானின் அணு எரிபொருள் ஆலைக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. பென் டிரைவைச் செருகி, அதன் கோப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தாலே தொற்றும்படி ஒரு ஓட்டையை அது பயன்படுத்தியது. வீட்டுக் கணினியை யாரும் அவ்வளவு திட்டமிட்டுத் தாக்கப்போவதில்லை. இருந்தாலும் பென் டிரைவில் வரும் சாதாரண வைரஸுக்கும் பாதை அதேதான்.

அதனால் சில ஒழுங்குகள் வைத்திருக்கிறேன். இந்தக் கணினிக்கென்று ஒரே ஒரு பென் டிரைவ். அது வேறு யாருடைய கணினிக்கும் போகாது. கோப்புகள் இங்கிருந்து வெளியே போகுமே தவிர, வெளியிலிருந்து உள்ளே அநேகமாக எதுவும் வருவதில்லை. போகும் இடமும் திருத்தங்கள் முழுமையாக உள்ள ஒரே கணினி; அங்கே செருகியவுடன் முதலில் ஸ்கேன், பிறகுதான் திறப்பு. பென் டிரைவைச் செருகியவுடன் நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன் அணைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கணினியில் எந்த பாஸ்வேர்டும் சேமித்து வைக்கப்படவில்லை.

இன்னொரு வழி, பழைய இயங்குதளத்தைப் புதிய கணினிக்குள் மெய்நிகர் எந்திரமாக, அதாவது ஒரு ஜன்னலுக்குள் இயங்கும் தனிக் கணினி போல, ஓட்டுவது. அதற்கு விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் போதும். நெட்வொர்க் அட்டையை அமைப்பிலேயே எடுத்துவிடலாம். கெட்டுப்போனால் சேமித்த நிலைக்கு ஒரு நிமிடத்தில் திரும்பலாம். மென்பொருள் மட்டும் பழையது, கருவி எதுவும் இல்லை என்பவர்களுக்கு இது தனிக் கணினியைவிட நல்லது. யுஎஸ்பி கருவிகளையும் உள்ளே கொண்டுவரலாம், ஆனால் எல்லாம் ஒத்துழைப்பதில்லை. என் ஸ்கேனர் ஃபயர்வயர் இணைப்பு கொண்டது. அதற்கு இந்த வழி உதவவில்லை.

அந்தப் பழைய கணினியின் டிஸ்க் வயதானது. அதன் முழு இமேஜும் இரண்டு வெளி டிஸ்குகளில் இருக்கிறது. மாற்று எஸ்எஸ்டி ஒன்றில் அந்த இமேஜை ஏற்றி, கணினி அதிலிருந்து கிளம்புகிறதா என்றும் பார்த்துவிட்டேன். இமேஜ் எடுத்தவர்களில் பலர் செய்யாமல் விடுவது இந்தக் கடைசிச் சோதனையைத்தான். இன்னும் நான்கு பெட்டி நெகட்டிவ் மீதி இருக்கிறது. அவை முடியும்வரை விண்டோஸ் 7 அங்கே இருக்கும்.